தலைக்கு எத்தனை கிலோ?

நடவு முடிந்த நெல் வயலில் இறங்கி நடந்திருக்கிறீர்களா? சேற்றில் கால் பதியும்போது குமிழ்கள் கிளம்பும். அவற்றில் மீதேன் வாயு இருக்கிறது. தேங்கி நிற்கும் நீர், காற்றை மண்ணுக்குள் விடுவதில்லை. பிராணவாயு இல்லாத அந்தச் சேற்றில் வாழும் சில நுண்ணுயிர்கள், மட்கும் தாளையும் வேரையும் கொண்டு மீதேனை உண்டாக்குகின்றன. குமிழாக வெளியேறுவது கொஞ்சம்தான். பெரும்பகுதி நெற்பயிரின் உள்ளே உள்ள காற்றறைகள் வழியாக, புகைபோக்கியில் புகை ஏறுவதுபோல் ஏறி வெளியே வருகிறது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம். அங்கே நீர் தேங்குவதில்லை. ஆகவே இந்த மீதேன் தொல்லை இல்லை. ஆனால் வயலுக்கு இடும் தழைச்சத்து உரத்தில் ஒரு சிறு பகுதியை மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றிவிடுகின்றன. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ‘சிரிப்பு வாயு’ இதுவே.

இரண்டும் பூமியின் வெப்பத்தை வெளியே விடாமல் தடுப்பவை. நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீதேன் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடோ 265 கிலோவுக்குச் சமம்! 100 கிலோ நைட்ரஜனை உரமாக இட்டால் அதில் ஏறத்தாழ ஒரு கிலோ இப்படிப் போகும் என்பது பொதுவாகக் கொள்ளும் கணக்கு. பிராணவாயுவும் சேர்வதால் அதன் எடை 1.57 கிலோ ஆகிறது. 265-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 416 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

இனி இரு நாடுகளையும் ஒப்பிடுவோம். எண்கள், அந்தந்த அரசுகள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த அறிக்கைகளை ஒட்டியவை.

இந்தியாவில் 2016-இல் நெல் வயல்கள் விட்ட மீதேன் சுமார் 34 லட்சம் டன், அதாவது 9.5 கோடி டன் கரியமில வாயுவுக்குச் சமம். மண்ணிலிருந்து வந்த நைட்ரஸ் ஆக்சைடு இன்னொரு 6.6 கோடி டன். ஆக மொத்தம் 16 கோடி டன். இதை 133 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 120 கிலோ.

அமெரிக்காவில் 2022-இல் மண்ணிலிருந்து 29 கோடி டன், நெல்லிலிருந்து 2 கோடி டன். மக்கள் 33.3 கோடி. தலைக்கு 930 கிலோ!

சற்றுப் பொறுங்கள். அமெரிக்கக் கணக்கில் மேய்ச்சல் நிலங்களின் மண்ணும் அடக்கம். அதற்காக மண் கணக்கில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டாலும் 640 கிலோ நிற்கிறது. நம்மைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். டிராக்டர் குடிக்கும் டீசலும், உரத் தொழிற்சாலையின் புகையும் இரண்டிலும் சேரவில்லை. நெல் உண்போர்தாம் பூமியைச் சூடாக்குகிறார்கள் என்று பேசுவோர் இந்த வகுத்தலைச் செய்து பார்ப்பதில்லை.

ஆனால் வகுத்தலிலும் ஒரு சிக்கல் உண்டு. வயல் இருக்கும் நாட்டின் மக்கள் தொகையால் வகுத்தோம். விளைச்சலை உண்டவர் யார்? 2022-இல் இந்தியா சுமார் 2.2 கோடி டன் அரிசியை ஏற்றுமதி செய்தது. ஏறக்குறைய நம் விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு அது. சோறு ஆப்பிரிக்காவிலும் அரபு நாடுகளிலும் பரிமாறப்பட்டது. மீதேன் மட்டும் நம் தலையில் எழுதப்பட்டது. அமெரிக்க மக்காச்சோளத்திலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கார்களுக்கான எரிசாராயமாகிறது. ஏறக்குறைய அதே அளவு கால்நடைத் தீவனமாகிறது. கதிராக மனிதன் கடித்துத் தின்பது மிகக் கொஞ்சம்.

நம் 120 கிலோவைக் குறைக்க வழி உண்டா? வயலில் எப்போதும் நீர் நிறுத்தாமல், இடையிடையே காயவிட்டுப் பிறகு பாய்ச்சுவதை நம் உழவர்கள் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்பார்கள். மண்ணுக்குள் காற்று புகுந்தால் மீதேன் நுண்ணுயிர்கள் அடங்கிவிடும். நைட்ரஸ் ஆக்சைடு சற்றுக் கூடலாம், அதை விட்டுவிடுவோம். எல்லா நெல் வயல்களிலும் மீதேன் 30 சதவீதம் குறைந்தது என்று வைத்துக்கொண்டு, மேலே உள்ள கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். விடை 100 கிலோவுக்குப் பக்கத்தில் வரவேண்டும்.