நிணநீரும் கழுத்துக் கட்டியும்

இரத்தத்தைத் தள்ள இருதயம் உண்டு. நிணநீருக்கு அப்படித் தனி இருதயம் இல்லை. நடையும் ஆழ்ந்த மூச்சுமே அதற்குப் பெருந்துணை. மலையேறிக் கொழுந்து பறிப்போருக்கு நடையில் குறைவில்லை. ஆபத்து காலிலுள்ள புண்ணில்தான். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்தால் கிருமி புகுந்து அரையிடுக்கில் நெறி கட்டும். மாலையில் சவர்க்காரமிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமறத் துடையுங்கள்.

யானைக்கால் நோய் கரையோரத்தது. அது இலங்கையில் ஒழிக்கப்பட்டதாக 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. ஆயினும் கொழும்பில் வேலைசெய்யும் பிள்ளைகள் நுளம்பு வலையைக் கைவிடலாகாது.

வலியில்லாத கழுத்துக் கட்டியே அதிகம் அஞ்சத்தக்கது. பாக்கும் புகையிலையும் தரும் வாய்ப்புற்று, நிணநீர் வழியே பெரும்பாலும் முதலில் கழுத்துக்கே பரவும். (தவக்காலத்தில் விட்ட வெற்றிலைப் பையை உயிர்த்த ஞாயிறன்றே தேடுவோர் நம்மில் பலர்!) இரண்டு வாரத்தில் கட்டி வற்றாவிடில், தோட்டத்து மருந்தோடு நில்லாமல் டிக்கோயா அல்லது நுவரெலியா ஆஸ்பத்திரிக்குச் சென்று காட்டுங்கள்.