கொத்தனாரும் கல்தச்சர் மகனும்

சிவில் படிக்கிறவன் நாற்காலியும் மேஜை விளக்கும் வைத்த ஒரு கண்காட்சியைப் பற்றி ஏன் எழுதுகிறான் என்று கேட்காதீர்கள். விஷயம் இருக்கிறது.

1938 டிசம்பரில் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 'பௌஹவுஸ் 1919–1928' என்ற கண்காட்சியைத் திறந்தது. அருங்காட்சியகத்தின் புதுக் கட்டடம் அப்போது எழும்பிக்கொண்டிருந்தது. அதனால் ராக்ஃபெல்லர் சென்டரின் தரைக்கு அடியில் தற்காலிக இடம். அமைத்தவர் ஹெர்பர்ட் பாயர். அந்தப் பள்ளியிலேயே படித்து அங்கேயே ஆசிரியர் ஆனவர். பார்க்க வருகிறவர்கள் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று தரையிலேயே காலடித் தடம் பெயிண்ட் அடித்து வைத்தார். நல்ல யோசனை!

அது சரி, பௌஹவுஸ் என்றால் என்ன? 1919-ல் ஜெர்மனியின் வைமார் நகரில் வால்ட்டர் குரோப்பியஸ் என்ற கட்டடக் கலைஞர் தொடங்கிய பள்ளி. கலைஞன் வேறு, கைத்தொழிலாளி வேறு என்ற பேதம் கூடாது என்பது அவர் கொள்கை. முதலில் அடிப்படைப் பயிற்சி, அப்புறம் பட்டறை. மரவேலை, உலோகம், நெசவு என்று பல பட்டறைகள். பட்டறைக்கு இரண்டு ஆசான்கள்: வடிவம் சொல்லித்தர ஓவியர் ஒருவர், கைவேலை சொல்லித்தர தொழில் தெரிந்தவர் ஒருவர். நம்ம பாஷையில் சொன்னால் தியரி சாரும் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டரும். ஆனால் ஆசான்கள் மன்றத்தில் ஓட்டு ஓவியருக்கு மட்டும்தான். பேதமில்லை என்று சொன்ன இடத்திலேயே இப்படி!

1925-ல் பள்ளி டெஸாவ் நகருக்கு மாறியது. அடுத்த ஆண்டு குரோப்பியஸ் வரைந்த புதுக் கட்டடம் தயார். அதன் பட்டறைப் பகுதியைத்தான் நாம் கவனித்துப் படிக்க வேண்டும். பாரத்தை எல்லாம் உள்ளே இருக்கும் ஆர்.சி.சி. தூண்களும் தளங்களும் தாங்குகின்றன. வெளிச் சுவர் முழுக்கக் கண்ணாடி. திரைச்சீலை மாதிரி தொங்குகிறது, மேல்தளத்தின் பாரம் அதன்மேல் இறங்காது. சுவர்தான் வீட்டைத் தாங்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வது அங்கே பலிக்கவில்லை. ஆனால் வெயில் காலத்தில் உள்ளே வெந்துபோனார்களாம், குளிர் காலத்தில் விறைத்துப்போனார்களாம். அழகுக்கும் விலை உண்டு.

1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும், பெர்லினுக்கு மாறியிருந்த பள்ளியைப் போலீஸ் பூட்டியது. அதே ஆண்டு பள்ளி கலைந்தது. ஆகவே ஐந்து வருடம் கழித்து அந்தப் பொருட்களை நியூயார்க்கில் கூட்டிவைத்தது பெரிய காரியம் என்றால் மிகையாகாது.

ஆனால் தலைப்பைப் பாருங்கள். பள்ளி நடந்தது 1933 வரை, கண்காட்சி 1928-லேயே நின்றுவிட்டது! அதுதான் குரோப்பியஸ் விலகிய ஆண்டு. கண்காட்சி நூலைத் தொகுத்தவர்கள் பாயர், குரோப்பியஸ், அவர் மனைவி ஈஸே. வருடத்தை மறைக்கவில்லை, அட்டையிலேயே போட்டார்கள், அதை ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு பௌஹவுஸ் என்றால் குரோப்பியஸ் என்றுதானே பதிந்திருக்கும்?

விடுபட்ட தலைமை ஆசிரியர்கள் இரண்டு பேர். 1928 முதல் 1930 வரை ஹானஸ் மாயர். சுவிட்சர்லாந்துக்காரர், கொத்துவேலை பழகி மேலே வந்தவர். ஆடம்பரம் வேண்டாம், சாதாரண ஜனங்கள் வாங்கும் விலையில் பொருள் செய்யுங்கள் என்றார். அவர் காலத்தில் வந்த சுவர்க் காகிதம்தான் பள்ளிக்கு நல்ல வியாபாரம் தந்தது. இடதுசாரி அரசியல் என்று சொல்லி 1930-ல் அவரை நீக்கினார்கள். அடுத்து வந்தவர் மீஸ் வான் டெர் ரோஹ. ஆகன் நகரத்துக் கல்தச்சர் மகன், சிறு வயதில் அப்பாவோடு கல் செதுக்கியவர். கட்டடக்கலையில் பட்டம் வாங்காமலே உலகப் புகழ் பெற்றார்.

எங்க அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். மாயர் கதையைச் சொன்னபோது அப்பா கேட்ட ஒரே கேள்வி: "அந்த ஆளு நெசமாவே கரண்டி புடிச்சவரா?" ஆமா என்றேன். "அப்ப அவர் கட்டினது ஏதாச்சும் இருக்கா?"

இருக்கிறது. பெர்லினுக்கு வடக்கே பெர்னாவ் என்ற ஊரில் தொழிற்சங்கத்தினர் படிப்பதற்காக மாயர் கட்டிய பள்ளி. 1930-ல் முடிந்தது. பௌஹவுஸ் மாணவர்களும் அதில் வேலை செய்தார்கள். மஞ்சள் செங்கல், பூசாத கான்கிரீட், சரிவில் படிப்படியாக இறங்கும் விடுதிகள். 2017-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அதையும் சேர்த்தார்கள்.

— இரண்டாமாண்டு மாணவன், சிவில் துறை