யூரியா மூட்டைக்குள் எத்தனை லிட்டர் டீசல்?

டீசல் விலை ஏறினால் டீக்கடையில் எல்லோரும் பேசுகிறோம். யூரியாவைப் பற்றி அப்படிப் பேசுவதில்லை. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. வருஷக்கணக்கா அதே விலைதானே! ஆனால் அந்த மூட்டையும் எரிபொருள்தான்.

காற்றில் ஐந்தில் நாலு பங்கு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். பயிர் அதை நேரடியாக எடுக்க முடியாது. 1909-ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் அதை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்கிக் காட்டினார். 1913-ல் கார்ல் போஷ் முயற்சியால் ஆலையே வந்தது. அம்மோனியாவிலிருந்துதான் யூரியா. அந்த ஹைட்ரஜனை நம் நாட்டில் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கிறார்கள். சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் எரிப்பதும் அதையேதான். மணலி, தூத்துக்குடி ஆலைகள் முன்பு நாப்தாவில் ஓடின, இப்போது எரிவாயுவில்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு டன் யூரியாவுக்கு நம் ஆலைகளில் ஏறத்தாழ 6 கிகா கலோரி ஆற்றல் செலவாகிறது. வகுத்துப் பார்த்தால், ஒரு மூட்டைக்குச் சுமார் 30 லிட்டர் டீசலுக்குச் சமம். நெல்லுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து என்ற பரிந்துரைப்படி போட்டால் 3 மூட்டை. அதாவது 90 லிட்டர். எங்க ஊரில் உழவு, சேற்றுழவு, அறுவடை எந்திரம் மூன்றுக்கும் ஆகும் டீசலைக் கேட்டு எழுதினேன். ஏக்கருக்கு 35 லிட்டரைத் தாண்டவில்லை. டிராக்டர் குடிப்பது கண்ணுக்குத் தெரியுது. மூட்டை குடிப்பது தெரியல.

போட்டதில் பாதிகூட நெல்லுக்குப் போய்ச் சேர்வதில்லை. மீதி ஆவியாகிக் காற்றிலும், கரைந்து தண்ணீரிலும் போகிறது.

எரிவாயுவில் பெரும்பகுதி கத்தார் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. 2022-ல் உக்ரைன் போரால் எரிவாயு விலை எகிறியது. மூட்டை விலை ஏறவில்லை. ஆனால் அந்த நிதியாண்டில் மத்திய அரசின் உர மானியம் 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. எங்கோ நடக்கும் சண்டைக்கு நம் வயல் கட்டுப்பட்டுக் கிடக்கலாமா?

ஹேபர் முறைக்கு 400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். தக்கைப்பூண்டின் வேர் முடிச்சில் இருக்கும் நுண்ணுயிர் அதே வேலையை மண்ணின் சூட்டிலேயே செய்கிறது. ஏக்கருக்கு 20 கிலோ விதை விதைத்து, 45 நாளில் பூ எடுக்கும்போது மடக்கி உழுதால், நன்றாக வளர்ந்த பயிரில் 25 கிலோவுக்கு மேல் தழைச்சத்து கிடைக்கும். ஒரு மூட்டைக்கும் அதிகம். மடக்கி உழவும் டீசல் வேணுமே என்பீர்கள். வேணும், ஆனால் அது சில லிட்டர்தான்.

ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. 2021-ல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடுத்தது. மாற்று உரம் தயாராக இல்லை. விளைச்சல் விழுந்து, விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். சில மாதங்களில் தடையை விலக்க வேண்டியதாயிற்று. மண்ணைத் தயார் செய்துதான் மூட்டையைக் குறைக்க வேண்டும்.

அடுத்த நடவுக்கு முன் ஒரு ஏக்கரில் தக்கைப்பூண்டு விதையுங்கள். அந்த ஏக்கருக்கு மட்டும் ஒரு மூட்டை குறையுங்கள். டீசல், யூரியா, விளைச்சல் மூன்றையும் நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டாவது மூட்டையைக் குறைக்கலாமா என்பதை அந்த நோட்டைப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.