முதலில் அளவு, பிறகு ஸ்பேனர்

பழைய காரின் ஏசி கிளட்ச் வேலையைக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு

நடக்க முடியாத பெரியவர்களைக் காரில் உட்காரவைத்து மலையைச் சுற்றிக் காட்டுவது திருவண்ணாமலை வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கு அன்றாட வேலை. 14 கிலோமீட்டர் பாதை. எட்டு லிங்கங்களிலும் நிறுத்த வேண்டும். அடி அண்ணாமலை கோயிலில் இறக்கி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் என்ஜினை அணைத்து மறுபடி போட வேண்டும். நடந்துபோகிறவர்கள் நடுவே வண்டி ஊர்ந்துதான் போகும்.

கத்திரி வெயிலில் ஏசிக்கு இது கடுமையான சோதனை. ஊரும் வண்டியில் கண்டன்சருக்குக் காற்று போதாது. உள்ளே அழுத்தம் ஏறும், கம்ப்ரெசரைச் சுற்றக் கூடுதல் வலு வேண்டியிருக்கும். பழைய இண்டிகா, குவாலிஸ், ஆம்னி வண்டிகளில் பாதி வழியில் குளிர் நின்றுபோவது இப்படிப்பட்ட நேரத்தில்தான்.

உடனே கேஸ் அடிக்கப் போகிறார்கள், அல்லது கம்ப்ரெசரையே மாற்றிவிடுகிறார்கள். பழுது கம்ப்ரெசருக்கு வெளியே, அதன் முகப்பில் இருக்கும் கிளட்சில் மட்டும் இருந்திருக்கலாம். அதை அளந்து கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமே வராது. சொந்த வண்டி ஓட்டுநரானாலும், பட்டறையில் இப்போதுதான் சேர்ந்த தம்பியானாலும், பொறுமையாகக் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது.

கிளட்ச் எப்படி வேலை செய்கிறது?

மூன்றே உறுப்புகள். கம்ப்ரெசர் உடம்போடு ஒட்டி அசையாமல் இருப்பது காயில். அதற்கு முன்னால், பேரிங்கில் உட்கார்ந்து பெல்ட்டோடு எப்போதும் சுற்றுவது புல்லி. எல்லாவற்றுக்கும் முன்னால், கம்ப்ரெசர் ஷாஃப்டில் பூட்டியிருப்பது பிளேட். ஏசி பட்டனைத் தட்டியதும் காயிலுக்கு மின்சாரம் போகிறது, காயில் காந்தமாகிறது, பிளேட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கிறது. 'டக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் கம்ப்ரெசர் ஓடும்.

பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் இந்த வேலையின் உயிர். பெரும்பாலான கார்களில் அது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். சரியான அளவு அந்தந்தக் கம்ப்ரெசரின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். ஆண்டுக்கணக்கில் தேய்ந்து இது அதிகமாகும்போது காந்தத்தின் பிடி வேகமாகத் தளர்கிறது. இடைவெளி இரண்டு மடங்கானால் இழுவிசை ஏறத்தாழ கால் பங்காகக் குறையும்.

இதோடு சூடும் சேர்கிறது. செம்புக் கம்பி சூடானால் அதன் மின்தடை கூடும். 30 டிகிரியில் 3.5 ஓம் காட்டும் காயில், 110 டிகிரியில் சுமார் 4.5 ஓம் காட்டும். 14 வோல்ட்டில் 4 ஆம்பியர் ஓடிய இடத்தில் இப்போது 3 ஆம்பியருக்குச் சற்று மேல்தான் ஓடும். காந்த இழுப்பு ஐந்தில் மூன்று பங்குக்கு இறங்கிவிடும். காலையில் நன்றாகக் குளிர்ந்த வண்டி மதியத்தில் கைவிடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். என்ஜின் ஆறியதும் ஏசி தானாகவே மறுபடி வேலை செய்தால், முதல் சந்தேகம் இந்த இடைவெளி மீது விழட்டும்.

கழற்றும் முன் ஐந்து சோதனைகள்

1. சத்தம். ஏசி அணைந்திருக்கும்போதும் புல்லிப் பக்கம் இரைச்சல் இருந்தால் புல்லி பேரிங்கைச் சந்தேகியுங்கள். ஏசி போட்டால் மட்டும் இரைந்தால் கோளாறு கம்ப்ரெசருக்கு உள்ளே இருக்கலாம். புதுக் கிளட்ச் போட்டு அது தீராது.

2. மின்சாரம் வருகிறதா? என்ஜின் ஓடும்போது ஏசியைப் போட்டு, காயில் கனெக்டரில் மல்டிமீட்டரை வையுங்கள். பேட்டரியில் 14 வோல்ட் இருக்க, இங்கே 11 மட்டும் காட்டினால் ரிலே, கனெக்டர், எர்த் ஒயர் இவற்றில் எங்கோ மின்சாரம் வீணாகிறது. அதைச் சரிசெய்யாமல் புதுக் கிளட்ச் போட்டால் அதுவும் வழுக்கும்.

3. மின்சாரமே வரவில்லையா? ஃபியூஸ், ரிலே பார்த்த பிறகு கேஸ் அழுத்தத்தைப் பாருங்கள். கேஸ் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் கிளட்சுக்குப் போகும் மின்சாரத்தைத் தடுத்துவிடும். கம்ப்ரெசருக்கு ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றிவருகிறது. கேஸ் இல்லாமல் ஓடினால் அது காய்ந்து பிடித்துக்கொள்ளும். அதனால் சுவிட்சை ஒயர் போட்டு நேராக இணைத்து ஓட்டவே கூடாது.

4. காயில் நலம். கனெக்டரைக் கழற்றி மின்தடையை அளங்கள். பெரும்பாலான 12 வோல்ட் காயில்கள் 3 முதல் 5 ஓம் வரை காட்டும். அளவே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. சுழியத்துக்குப் பக்கத்தில் காட்டினால் உள்ளே ஷார்ட்.

5. இடைவெளி. என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ஃபீலர் கேஜால் பிளேட்டைச் சுற்றி மூன்று இடங்களில் அளங்கள். மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஓர் உறுதிச் சோதனை. சூட்டில் கிளட்ச் நின்றுபோன அந்த நேரத்திலேயே, என்ஜினை அணைத்துவிட்டு, ஃபியூஸ் வைத்த ஒயரால் பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேராக மின்சாரம் கொடுங்கள். பிளேட் ஒட்டவில்லை, மரக்குச்சியால் மெல்லத் தள்ளினால் ஒட்டி நிற்கிறது என்றால் இடைவெளிதான் குற்றவாளி. ஓடும் என்ஜினில் குச்சியால் தட்டிப் பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. அது விரலைக் காவுகொள்ளும் பழக்கம், விட்டுவிடுங்கள்.

வேலை முறை

கிளட்ச் முழுவதும் ஷாஃப்ட் சீலுக்கு வெளியே இருக்கிறது. அதனால் கேஸை வெளியேற்றாமலே இதைக் கழற்றி மாட்டலாம். கேஸ் பைப்புகளை மட்டும் தொடாதீர்கள். ஏசியில் உள்ள ஆர்134ஏ கேஸ் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. கண்ணிலோ தோலிலோ பீறிட்டால் உறைகாயம் உண்டாகும்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சில வண்டிகளில் என்ஜின் அணைந்த பிறகும் தானாகச் சுற்றும் என்பதால் இதைத் தவறவிடக் கூடாது. பெல்ட் ஓடும் வழியைப் படம் எடுத்துக்கொண்டு பெல்ட்டை இறக்குங்கள். பிளேட்டைச் சுற்றாமல் பிடித்துக்கொண்டு நடு போல்ட்டைக் கழற்றுங்கள். பிளேட் இறுகியிருந்தால் புல்லர் போட்டு எடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பிளேட் வளைந்து எல்லா அளவும் கெட்டுவிடும்.

பிளேட் வெளியே வரும்போது, இடைவெளியைத் தீர்மானிக்கும் மெல்லிய வளையங்களான ஷிம்கள் கீழே விழும். அவற்றைத் தொலைக்காதீர்கள். ஒவ்வொன்றின் தடிமனையும் அளந்து எழுதி வையுங்கள்.

இடைவெளி மட்டும்தான் பிரச்சினை என்றால் வேலை இங்கேயே முடிகிறது. 0.9 மில்லிமீட்டர் காட்டிய கிளட்சில் 0.4 தடிமன் ஷிம் ஒன்றை எடுத்தால் அது 0.5 ஆகும். பிளேட்டைத் திரும்பப் பூட்டி மறுபடி அளங்கள். ஆசைப்பட்டு அளவுக்கு மேல் குறைத்துவிடாதீர்கள். ஏசி அணைந்திருக்கும்போதும் பிளேட் உரசிச் சூடேறி எரிந்துபோகும். எடுக்க ஷிம்மே இல்லை, அல்லது பிளேட்டின் முகம் நீலம் பாய்ந்து வெந்திருக்கிறது என்றால் பிளேட்டையும் புல்லியையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பேரிங் அல்லது காயில் மாற்ற வேண்டுமானால் சர்க்லிப் பிளையரால் கிளிப்பை எடுத்துப் புல்லியை உருவ வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் சர்க்லிப்பைத் தொடாதீர்கள். காயிலைப் பூட்டும்போது அதன் பின்புற ஊசி உரிய குழியில் அமர வேண்டும், ஒயர் புல்லியில் உரசக் கூடாது. புதுப் பிளேட் போட்டிருந்தால் என்ஜினை ஐடிலில் விட்டு, சில விநாடி இடைவெளியில் ஏசியை இருபது முறை போட்டு அணையுங்கள். இரண்டு முகங்களும் ஒன்றோடொன்று பழகிக்கொள்ளும்.

பிளேட்டின் நடுவே ஆயில் கசிந்து தூசி அப்பியிருந்தால் ஷாஃப்ட் சீல் போய்விட்டது. அதற்குக் கேஸை இயந்திரத்தால் மீட்டெடுக்க வேண்டும். அந்தக் கருவி உள்ள ஏசி பட்டறைக்கு வண்டியை அனுப்புங்கள். ஆர்134ஏ கரியமில வாயுவைவிட 1,400 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. காற்றில் திறந்துவிடுவது நேர்மையான தொழிலாளி செய்யும் காரியமல்ல.

பொருள் வாங்கும்போது

பழைய மாடல்களுக்குக் கிளட்ச் செட் உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னை ஜி.பி. ரோட்டில் புதியதும் புதுப்பேட்டையில் பழையதும் தேடலாம். 'மாருதி கிளட்ச்' என்று கேட்டால் போதாது. கம்ப்ரெசர் லேபிளில் உள்ள எண், புல்லியின் விட்டம், பெல்ட் காடிகளின் எண்ணிக்கை, வோல்ட் ஆகிய நான்கையும் எழுதிக்கொண்டு போங்கள். பழைய கிளட்ச் வாங்கினால் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே காயிலை அளந்துவிடுங்கள், புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

இதைத் தொழிலாக்குவது எப்படி?

ஐடிஐயில் மோட்டார் வாகன மெக்கானிக், குளிர்சாதன மெக்கானிக் என இரண்டு பிரிவுகள் உண்டு. இரண்டும் இரண்டாண்டுப் படிப்பு. கார் ஏசி இந்த இரண்டும் சந்திக்கும் இடம். ஒன்றைப் படித்தவர் மற்றொன்றை ஏசி பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து கற்றுக்கொண்டால் தனித்து நிற்கலாம். தொடக்கக் கருவிகள் குறைவுதான்: மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ், சர்க்லிப் பிளையர், மூன்று போல்ட் புல்லர்.

வாடிக்கையாளரிடம் அளவுகளை எழுதிக் கொடுங்கள்: "வந்தபோது இடைவெளி 0.9, இப்போது 0.5. காயில் 3.6 ஓம். கனெக்டரில் 13.8 வோல்ட்." சோதனைக்குத் தனிக் கூலி, வேலைக்குத் தனிக் கூலி என்று முன்பே சொல்லிவிடுங்கள். கேஸ் அடித்தால் வருமானம் கூடும் என்பதற்காகத் தேவையில்லாமல் அடிக்காதீர்கள். டிரைவர் அண்ணன் ஒருவருக்கு உண்மையைச் சொன்னால் ஸ்டாண்டே உங்களிடம் வரும்.

பழைய கார்கள் குறைந்துகொண்டே வருமே என்று தயங்க வேண்டாம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று ஒன்றிய அரசு விதி செய்திருக்கிறது. இந்த லாரிகள் நாளை பழசாகும்போது பழுதும் வரும். பெரிய லாரிகளில் 24 வோல்ட் என்பதால் அதே அளவு வலுவுக்குக் காயிலின் மின்தடை நான்கு மடங்கு இருக்கும். அளக்கும் முறை ஒன்றுதான். புதிய கார்கள் சிலவற்றில் கிளட்சே கிடையாது. மின்சாரக் கார்களில் கம்ப்ரெசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. ஆரஞ்சு நிற ஒயரைக் கண்டால், அதற்கான பயிற்சி பெறும்வரை கை வைக்காதீர்கள்.

இந்த வாரமே நன்றாக ஓடும் பழைய வண்டி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். காயில் கனெக்டரைத் தவிர எதையும் கழற்ற வேண்டாம். இடைவெளி, ஓம், வோல்ட் மூன்றையும் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, சூட்டில் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதுங்கள். நல்ல கிளட்சின் அளவு கைக்குப் பழகியவருக்கே கெட்ட கிளட்ச் சட்டென்று புலப்படும்.