வாகனத்தின் உட்கூரை விளக்கு: கம்பியமைப்பையும் பொருத்தலையும் எளிமையாக்கல்

மோட்டார் வண்டியின் கதவைத் திறந்தவுடன் கூரையிலே சிறு விளக்கொன்று ஒளிர்வதையும், கதவை அடைத்தவுடன் அது அணைந்துவிடுவதையும் நாம் யாவரும் கண்டிருக்கின்றோம். காண்பதோடு அமைகின்றோமேயன்றி, அவ்விளக்கு எமது வரவை எங்ஙனம் அறிந்தது என வினவுவோர் சிலரே. பௌதிக வகுப்பிலே மின்சுற்றுக்களைக் கற்கும் மாணவனுக்கு அச்சிறு விளக்கு நல்லதொரு பாடம் ஆகும். அதனை இங்கு விரித்துரைக்க எண்ணுகின்றோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் பெற்ற பட்டறிவொன்றை முதலிற் கூறுவோம். மாணவரை ஏற்றிச் செல்லும் வான் ஒன்றின் கூரை விளக்கு உடைந்து போயிற்று. அதனை மாற்றித் தருமாறு உரிமையாளர் கேட்க, நாமும் இசைந்தோம். பழைய திருகாணி தொலைந்திருந்தமையால், கையிலகப்பட்ட சற்று நீண்ட திருகாணியொன்றை முறுக்கினோம். அதன் கூர்முனை உட்கூரைக்குப் பின்னே மறைந்து கிடந்த கம்பியின் உறையைக் கிழித்து, உலோகக் கூரையையும் தொட்டது. அந்நிலையில் உருகி எரிந்து சுற்றைத் துண்டித்திருத்தல் வேண்டும். ஆனால் உருகியின் இடத்திலே யாரோ முன்னொரு நாள் சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டிச் செருகியிருந்தனர். சில நொடிகளிற் கம்பி பழுக்கக் காய்ந்து, உறை உருகிப் புகை எழுந்தது. மின்கலவடுக்கின் முனையை ஓடிச் சென்று கழற்றுதற்குள் உட்கூரை கையகலம் கருகிவிட்டது. பிள்ளைகள் ஒருவரும் உள்ளே இல்லாமையால் தப்பினோம். முனையைக் கழற்றாது வேலையைத் தொடங்கியதும், உருகியைப் பாராது விட்டதும் எமது குற்றங்களே.

அன்று தொட்டு நாம் கொண்ட கருத்து ஒன்றுண்டு. எளிமையாக்கல் என்பது உறுப்புக்களைக் குறைத்தல் மாத்திரமன்று. பிழை நேருமாயின் அது தீங்கு செய்யாது, தன்னைத் தானே காட்டிக்கொள்ளுமாறு அமைத்தலே உண்மையான எளிமையாகும். கூரை விளக்கின் அமைப்பு இக்கருத்தை நன்கு விளக்குகின்றது.

சுற்றின் அடிப்படை

மின்னோட்டம் பாய்தற்குச் சென்று மீளும் முழுவழி வேண்டும். வீட்டு விளக்குக்கு இரு கம்பிகள் இழுக்கின்றோம். வாகனத்திலோ அதன் உலோக உடலே மீளும் வழியாகப் பயன்படுகின்றது. மின்கலவடுக்கின் ஒரு முனை உடலோடு பிணைக்கப்பட்டிருத்தலால், ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கம்பியே போதுமாகின்றது. தொழிலாளர் 'எர்த்' என வழங்கும் இதனைப் புவித்தொடுப்பு என்போம். எளிமையாக்கலின் முதற்படி இதுவே. வண்டியிலுள்ள கம்பியின் பெரும்பகுதி இதனாற் குறைந்துவிடுகின்றது.

ஆனால் இவ்வெளிமைக்கு ஒரு விலையுண்டு. மின்னேறிய கம்பி உடலில் எவ்விடத்தைத் தொட்டாலும் குறுஞ்சுற்று உண்டாகும். எமது வானில் நிகழ்ந்தது இதுவே. ஆதலின் மின்னேறிய கம்பி எத்துணைக் குறைந்த இடங்களிற் செல்கின்றதோ அத்துணை நன்று.

ஆளியை எங்கே வைத்தல் வேண்டும்?

நான்கு கதவுகளுள் எது திறப்பினும் விளக்கு எரிதல் வேண்டும். எனவே நான்கு கதவுத் தூண்களிலும் ஒவ்வோர் ஆளி வைத்து, அவற்றைச் சமாந்தரமாக இணைத்தல் வேண்டும். கதவு அடைபட்டிருக்கும்போது ஆளியின் பொத்தான் அமுங்கிச் சுற்றுத் திறந்திருக்கும். கதவு திறந்தால் வில்லினாற் பொத்தான் வெளிவந்து சுற்று மூடப்படும்.

இவ்வாளிகளை மின்கலவடுக்குக்கும் விளக்குக்கும் இடையே வைப்போமாயின், ஒவ்வொரு தூணுக்கும் மின்னேறிய கம்பியொன்று செல்லவும், மற்றொன்று விளக்கை நோக்கி மீளவும் வேண்டும். நான்கு தூண்களிலும் எட்டு முனைகள். கதவுத் தூணோ நீரும் தூசியும் அதிர்ச்சியும் சேரும் இடம். அங்கே உறை தேய்ந்த கம்பியொன்று உலோகத்தைத் தொட்டால் உருகி எரியும்.

இனி ஆளிகளை விளக்குக்கு அப்பால், புவித்தொடுப்பின் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மின்னேறிய கம்பி உருகியிலிருந்து நேரே விளக்குக்கு மாத்திரம் செல்லும். விளக்கின் மறுமுனையிலிருந்து ஒரேயொரு கம்பி தூணுக்குத் தூண் தொடர்ந்து செல்லும். ஆளியின் உடல் தூணோடு திருகப்பட்டிருத்தலால் அதற்கு வேறு புவிக்கம்பி வேண்டியதில்லை. எட்டு முனைகள் இருந்தவிடத்து நான்கே எஞ்சுகின்றன.

சிறப்பு இதனோடு முடியவில்லை. அத்தொடர்கம்பி எங்கேனும் உடலைத் தொட்டால் என்ன நிகழும்? ஆளி மூடப்பட்டாற் போன்று விளக்கு எரியும், அவ்வளவே. மின்னோட்டம் விளக்கின் இழையூடாகவே பாய்தலின் அதன் அளவு மிகாது, கம்பி சூடேறாது. கதவுகள் அடைத்திருக்கவும் விளக்கு எரிதலைக் கண்ட உரிமையாளர் பிழையை உடனே அறிவர். புகையாக வெளிப்பட்டிருக்க வேண்டிய பிழை இங்கே ஒளியாக வெளிப்படுகின்றது. உலகெங்கும் பழைய வண்டிகள் பலவற்றிலே இவ்வமைப்பு நெடுங்காலம் நிலைத்தமைக்கு இதுவே தக்க நியாயம்.

இதன் குறையும் கூறல் வேண்டும். கடற்காற்றுப் படும் ஊர்களில் ஆளியின் திருகாணி துருவேறிப் புவித்தொடுப்புக் கெட்டுவிடும்; விளக்கு எரியாது. பலர் மின்குமிழை மாற்றி மாற்றிப் பார்த்து ஏமாறுவர். திருகாணியைக் கழற்றி, உலோகம் வெளிப்படுமாறு சுரண்டி, கிறீசு தடவிப் பூட்டினால் விளக்கு மீளவும் எரியும்.

விளக்கிலேயே பொருந்திய ஆளிக்கு மூன்று நிலைகள் உள. ஒரு நிலையில் விளக்கின் மறுமுனை நேரே உடலோடு தொடுக்கப்பட்டு எப்போதும் எரியும். நடுநிலையிற் கதவுக்கம்பியோடு தொடுக்கப்படும். மூன்றாம் நிலையில் ஒன்றோடும் தொடாது அணைந்திருக்கும். விளக்கின் அடித்தகடு உலோகக் கூரையில் நேரே திருகப்படின் இரு கம்பிகள் போதும். நார்ப்பலகையாலோ பிளாத்திக்காலோ ஆய உட்கூரையிற் பொருத்துவதாயின் புவிக்கெனத் தனிக் கம்பி வேண்டும். அப்போது கம்பிகள் மூன்றாகும்.

மூன்று எண்கள்

கூரை விளக்குக்கு 12 உவோற்று, 10 உவாற்று மின்குமிழ் ஒன்றைக் கொள்வோம். 10 ஐ 12 ஆல் வகுக்க, மின்னோட்டம் ஏறக்குறைய 0.83 அம்பியர். கம்பி 0.5 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டும் 6 மீற்றர் நீளமும் உடைய செம்பாயின் அதன் தடை ஏறக்குறைய 0.2 ஓம். இழக்கப்படும் அழுத்தம் 0.17 உவோற்று மாத்திரமே; விளக்கின் ஒளி குன்றாது.

அதே கம்பியின் விளக்கு முனை உடலைத் தொட்டாலோ, 12 ஐ 0.2 ஆல் வகுக்க 60 அம்பியர் பாய முற்படும். அத்தகைய கம்பி 10 அம்பியர் அளவையே இடரின்றித் தாங்கவல்லது. ஆதலால் 1 அம்பியருக்குக் குறைந்த விளக்குக்கும், 60 அம்பியர்க் குறுஞ்சுற்றுக்கும் இடையே, கம்பி தாங்குமளவுக்கும் உட்பட்டு, 5 அம்பியர் உருகியொன்றை இடுகின்றோம். உருகி காப்பது விளக்கையன்று, கம்பியையே என்பதை மாணவர் மறத்தலாகாது. ஆதலின் அது கம்பியின் தொடக்கத்தில், மின்கலவடுக்கின் பக்கமாக இருத்தல் வேண்டும். வெள்ளித்தாள் ஒருபோதும் உருகியாகாது.

மற்றொரு கணக்கு: 40 அம்பியர் மணி கொள்ளும் மின்கலவடுக்கு, சரியாக அடைபடாத கதவினால் எரியும் இவ்விளக்குக்கு 48 மணி நேரம் ஈடுகொடுக்கும். ஆனால் ஒருநாள் கழியுமுன்னரே இயந்திரத்தை முடுக்கும் வலிமை ஐயத்துக்குரியதாகிவிடும். நள்ளிரவில் நோயாளியை ஏற்றப் புறப்படும் வண்டிக்கு இது சிறு குறையன்று.

புதிய விளக்கும் பழைய வண்டியும்

இழை மின்குமிழின் இடத்தை இன்று ஒளிகாலும் இருவாயி பெரிதும் பிடித்துக்கொண்டது. நீலவொளி காலும் இருவாயியைக் கண்டமைக்காக அகசாக்கி, அமானோ, நகமூரா ஆகிய மூவருக்கும் 2014 ஆம் ஆண்டிலே பௌதிகத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. வெள்ளொளி விளக்குக்கு அக்கண்டுபிடிப்பே வழிவகுத்தது. 1 உவாற்று அளவினதாய விளக்கே உட்கூரைக்குப் போதுமாதலின் மின்கலவடுக்கு வறிதாகும் இடர் பத்தில் ஒன்றாகக் குறைகின்றது.

எனினும் இருவாயி ஒரு திசையிலேயே மின்னை விடும். யாழ்ப்பாணத்துத் தெருக்களிற் பேரோடு ஓடிய பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் பலவற்றில் நேர்முனையே உடலோடு பிணைக்கப்பட்டிருந்தது. பிரித்தானிய வண்டிகளில் இவ்வழக்கம் 1960 களின் நடுப்பகுதி வரை பரவலாக இருந்தது. இழை மின்குமிழுக்குத் திசை வேறுபாடு இல்லை. இருவாயி விளக்கையோ, திசை நோக்காது செருகினால் அது எரியாது; பழுதென எண்ணி வீசிவிடுதல் கூடாது.

விளக்கைத் தாமே அமைக்க விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. வெள்ளை இருவாயி ஒன்றுக்கு ஏறக்குறைய 3 உவோற்று வேண்டும். மூன்றினைத் தொடராக இணைப்பின் 9 உவோற்று. மிகுதி 3 உவோற்றுக்கு 0.02 அம்பியர் என வகுத்து, 150 ஓம் தடையை இடுதல் மாணவர் வழக்கம். ஆனால் இயந்திரம் ஓடும்போது மின்னேற்றும் அழுத்தம் 14.4 உவோற்றுவரை உயரும். அப்போது 5.4 ஐ 150 ஆல் வகுக்க, 0.036 அம்பியர் பாய்ந்து இருவாயியைக் கெடுக்கும். உயர்ந்த அழுத்தத்துக்கே கணித்து 270 ஓம் இடுதல் முறை. கணக்குச் சரியாயினும், எடுத்துக்கொண்ட எண் தவறாயின் விடை தவறேயாம்.

பொருத்தும் வேலை

முன்னாளில் வண்டி செய்யும் தொழிற்சாலையிலே தொழிலாளன் உடற்கூட்டினுள் நுழைந்து, கைகளைத் தலைக்குமேல் உயர்த்திக் கம்பியைக் கோத்து, விளக்கைத் திருகினான். கழுத்தும் தோளும் நோகும், கண்ணுக்கு மறைவான இடத்திற் கம்பி நசுங்கும், திருகாணி பிறழும். உட்கூரையை ஒரு முழுத் தொகுதியாகச் செய்யும் முறை பிற்காலத்தில் வந்தது. உட்கூரைப் பலகையை மேசையின்மேற் குப்புறக் கிடத்தி, அதன் முதுகிலே கம்பிகளை ஒட்டி, விளக்கையும் பொருத்தி, அங்கேயே எரித்துச் சோதிக்கின்றனர். பின்பு அதனைக் கண்ணாடி பொருத்தப்படாத முகப்பின் வழியே உள்ளே செலுத்தி, முன்தூணருகே ஒரேயொரு செருகியை இணைத்து, வில்லுக்கவ்விகளாற் கூரையோடு அழுத்திவிடுகின்றனர். வேலை மறையவில்லை, இருளிலிருந்து வெளிச்சத்துக்கு, தலைமேலிருந்து கைக்கெட்டிய மேசைக்கு இடம் மாறியது. செருகியும் ஒரு பக்கமாக மாத்திரமே நுழையுமாறு வடிவமைக்கப்பட்டமையால் மாறி இணைத்தற்கு இடமில்லை.

திருத்துவோர்க்கும் இதிற் படிப்பினை உண்டு. மின்கலவடுக்கின் முனையை முதலிற் கழற்றுக. உலோகத் துளையூடு செல்லும் கம்பிக்கு இரப்பர் வளையம் இடுக. திருகாணியின் நீளத்தை அளந்து கொள்க. புதிய வண்டிகள் பலவற்றில் உட்கூரையின் ஓரங்களிலே, விபத்தின்போது விரியும் காற்றுப்பைகள் மடித்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் குறுக்கே எக்கம்பியையும் இழுத்தலாகாது. அவ்வேலையைத் தேர்ந்தோரிடம் விடுதலே அறிவுடைமை.

மாணவர்க்கு ஒரு பயிற்சி

பலகையொன்றில் தகரத்தகட்டை அறைந்து அதனை வண்டியின் உடலாகக் கொள்க. 12 உவோற்று மின்கலவடுக்கு, 2 அம்பியர் உருகி, 5 உவாற்று மின்குமிழ், நான்கு ஆளிகள் என்பன போதும். ஆசிரியர் அருகிருக்க, முதலில் ஆளிகளை மின்னேறிய பக்கத்திலும், பின்பு புவித்தொடுப்பின் பக்கத்திலும் வைத்து இருமுறை அமைக்க. ஒவ்வொரு முறையும் ஆளிக்குச் செல்லும் கம்பியைத் தகரத்தில் தொடச் செய்க. முதன்முறை உருகி எரியும். இரண்டாம் முறை விளக்கு எரியும். பத்துப் பக்கங்களில் எழுதியும் விளங்காதது அந்த ஒரு நொடியில் விளங்கும்.

எமது பழைய மாணவருள் மின்னியற்றுறையிற் பணிபுரிவோர் இத்தகைய பலகையொன்றை ஆய்வுகூடத்துக்குச் செய்து கொடுப்பாராயின் பெரும்பயன் விளையும். அதனருகே சுருட்டிய வெள்ளித்தாள் துண்டொன்றையும் கண்ணாடிக் குப்பியில் இட்டு வைத்தல் நன்று. அது ஏன் அங்கிருக்கின்றது என வினவும் மாணவனுக்கு, எமது வானின் கதையை ஆசிரியர் சொல்லட்டும்.