பழைய டிராக்டரில் ஏர் லாக் எடுப்பது: முழுமையான வழிகாட்டி

டீசல் தீர்ந்து வயல் நடுவே நின்ற வண்டிக்குப் பத்து லிட்டர் ஊற்றியாயிற்று. செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. ஃபில்டர் மாற்றிய மறுநாளும் இதே கதை நடக்கும். இன்னொரு டிராக்டரைக் கட்டி இழுக்க வேண்டாம். டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது உரிமையாளரே செய்யக்கூடிய வேலை.

மாசி ஃபெர்குசன் 1035 போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

காற்று ஏன் இன்ஜினை நிறுத்துகிறது?

அழுத்தினால் டீசல் அநேகமாகச் சுருங்காது; காற்று சுருங்கும். பழைய இன்ஜின்களில் நாசில் திறக்கவே சுமார் 170 பார் அழுத்தமாவது வேண்டும். குழாயில் காற்று இருந்தால் பம்பு தள்ளுவதெல்லாம் அதைச் சுருக்குவதிலேயே போய்விடும், நாசில் திறக்காது.

தொடங்கும் முன்

இன்ஜின் ஆறட்டும். பக்கத்தில் பீடி, நெருப்பு கூடாது. கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போடுங்கள். டாங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கட்டும், டேப் திறந்திருக்கட்டும். கழற்றப்போகும் ஸ்குரூக்களைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். உள்ளே போகும் ஒரு துளி மணல் பம்பையே கெடுக்கும். ஸ்குரூவின் தலை மழுங்காதிருக்க ரிங் ஸ்பானர் நல்லது.

முதலில் ஃபில்டர், பிறகு பம்பு

டீசல் போகும் வழியிலேயே நாமும் போக வேண்டும்: டாங்க், ஃபீட் பம்பு, ஃபில்டர்கள், இன்ஜெக்‌ஷன் பம்பு, நாசில். நடுவில் ஒன்றைத் தாண்டினால் பின்னால் இருக்கும் காற்று முன்னால் வந்துவிடும்.

முதல் ஃபில்டரின் தலையில் உள்ள ஏர் ஸ்குரூவை இரண்டு சுற்று தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை அடியுங்கள். நுரை வரும், பிறகு குமிழியோடு டீசல், பிறகு தெளிந்த டீசல். அது வழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்குரூவை இறுக்குங்கள். அடிப்பதை நிறுத்திவிட்டு இறுக்கினால் காற்று திரும்பவும் உள்ளே போகும். இரண்டாவது ஃபில்டர், அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்பின் ஏர் ஸ்குரூ, இரண்டிலும் இதேபோல. ரோட்டரி பம்பாக இருந்தால் உடலில் ஒன்று, மேலே கவர்னர் மூடியில் ஒன்று என இரண்டு இடம் பாருங்கள்.

கைப்பிடி லொடலொடவென்று ஆடி ஒன்றும் தள்ளவில்லையா? பம்பு கெட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். உள்ளே கேம் உச்சியில் நிற்கலாம். இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள்.

கடைசியாக நாசில்

நாசில் பக்கம் உள்ள குழாய் நட்டுகளை ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். ஸ்டாப் நாபை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து செல்ஃப் அடிக்கலாம். ஒரு தடவைக்குப் பத்து விநாடி, பிறகு அரை நிமிடம் ஓய்வு. மூன்றிலும் டீசல் துள்ளியதும் நட்டுகளை இறுக்கி ஸ்டார்ட் செய்யுங்கள்; உடனே ஆக்சிலேட்டரைக் குறையுங்கள்.

இந்த இடத்தில் கையையும் முகத்தையும் தள்ளி வையுங்கள். உயர் அழுத்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய தடம்தான் தெரியும், வலியும் குறைவாக இருக்கலாம்; ஆனால் விரலையே இழக்க நேரலாம். பட்டுவிட்டால் காத்திருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். கசிவைத் தேட விரல் வேண்டாம், அட்டைத் துண்டைக் காட்டுங்கள்.

மறுபடி மறுபடி ஏர் பிடித்தால்

டீசல் தீராமலே அடிக்கடி ஏர் பிடித்தால், எங்கோ வழி இருக்கிறது. ஃபீட் பம்புக்கு அப்புறம் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதற்கு முன்னால் என்றால் பம்பு உறிஞ்சும்போது காற்று உள்ளே போகுமே தவிர, வெளியே ஈரம்கூடத் தெரியாமல் போகலாம். டாங்க் வாயில் குப்பை அடைத்தாலும், மூடியின் காற்றுத் துளை அடைபட்டாலும் இந்த உறிஞ்சல் கூடும். முதலில் அவற்றைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு வெடித்த ரப்பர் குழாய், தேய்ந்த செம்பு வாஷர் ஆகியவற்றைப் பாருங்கள். வாஷர் விலை குறைவு, பழையதைத் திரும்பப் போடாதீர்கள்.

அப்படியும் பிடிபடாவிட்டால், ஃபீட் பம்புக்குள் டீசல் நுழையும் இடத்தில் தற்காலிகமாக டீசல் தாங்கும், உள்ளே தெரியும் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டி, கைப்பிடியை அடித்துப் பாருங்கள். அதில் குமிழி ஓடினால் கோளாறு டாங்க் பக்கம். ஓடாவிட்டால் ஃபீட் பம்பின் இணைப்பையும் டயஃப்ரத்தையும் சோதியுங்கள்.