கஞ்சாப் பூவில் புழுவும் பூசணமும்

வங்காளத்தில் ராஜஷாஹி ஜில்லாவைச் சேர்ந்திருந்த நௌகாவோன் பகுதியில், சர்க்கார் லைசென்ஸ் பெற்ற கஞ்சாக் குடியானவர்கள் 1917-ல் ஓர் ஐக்கிய சங்கம் அமைத்தனர். அங்கு அச்சாகுபடி 1987-ல் நிறுத்தப்பட்டது. எனினும், பலருடைய சரக்கை ஒரே கிடங்கில் சேர்க்கும் எச்சங்கத்தாரும் இப்பயிரின் கேட்டை அறிவது நலம்.

கஞ்சாவின் பெண்பூக் கதிர் பிசின் மிகுந்து நெருக்கமானது. வெளியே நன்கு உலர்ந்ததாய்த் தோன்றினும் நடுக்காம்பில் ஈரம் தங்கும். நௌகாவோனில் செய்ததுபோல் காலால் மிதித்துத் தட்டையாக்கிய சரக்கிலோ கேட்கவே வேண்டுவதில்லை.

கேடு பெரும்பாலும் வயலிலேயே தொடங்குகிறது. புழு பூவைத் துளைத்துப் புகுந்து எச்சமிடும். அப்புண்ணில் சாம்பல் நிறப் பூசணம் பற்றிக் கதிரின் நடுவை அழுகச் செய்யும். கதிரில் ஓரிலை மட்டும் வாடியிருப்பதே முதல் அடையாளம். அவ்விடத்தைச் சுற்றியுள்ள நல்ல பாகத்தில் சிறிதையும் சேர்த்து அறுத்தெறிய வேண்டும். பூசணம் பிடித்ததைப் பிறகு வெயிலில் காயவைத்தால் அதன் வளர்ச்சி நிற்குமேயன்றி, சிலவகைப் பூசணம் விட்ட நஞ்சு நீங்காது.

ஈரச் சரக்கு எடை கூடுதலாக நிற்கும். கொண்டுவந்த அங்கத்தினருக்கு அது லாபம். ஒரு கட்டின் ஈரம் பக்கத்துக் கட்டுகளுக்கும் பரவுவதால் நஷ்டம் ஏனையோருக்கு. ஆதலின் நிறுக்குமுன் ஒவ்வொரு கட்டின் நடுவிலிருந்தும் ஒரு காம்பை எடுத்து ஒடித்துப் பார்த்தல் அவசியம். ஒடியாமல் வளைந்தால் கட்டைத் திருப்பியனுப்பலாம். கிடங்குக் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65-ஐ மீறலாகாது.

நன்கு உலர்ந்த சரக்கையும் புகையிலை வண்டு விடாது. செம்பழுப்பு நிறமான இச்சிறு வண்டு மிளகாய், மஞ்சள், புகையிலை ஆகியவற்றையும் தின்னும். ஊசித் துளைகளும் மாவுபோன்ற தூளும் அதைக் காட்டிக்கொடுக்கும். அது பறக்கவல்லதாதலால், பழைய இருப்பையும் பழஞ்சாக்குகளையும் அப்புறப்படுத்திக் கிடங்கைப் பெருக்கிய பின்னரே புதுச் சரக்கை உள்ளே விடவேண்டும்.